எட்டாம் பாத்திக்கு முன்னால் ஒரு சைபர்

எனக்குக் கணக்கு வராது என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. கோயம்புத்தூரில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் கணக்கு எழுதித்தான் சோறு தின்கிறேன். ஆனால் கம்ப்யூட்டருக்குக் கட்டளைகளை வரிசையாக எழுதிக் கொடுக்கும் ஷெல் ஸ்கிரிப்ட் என்ற அந்த வஸ்துவிடம் ஏழை இரண்டால் வகுக்கச் சொன்னால் மூன்று என்கிறது. அரை எங்கே போயிற்று என்று கேட்டால் பதில் கிடையாது. முதல் நாள் இரண்டையும் மூன்றையும் கூட்டச் சொன்னதற்கு, 2+3 என்று நான் எழுதியதையே எனக்குத் திருப்பிக் காட்டியது. இரட்டை அடைப்புக்குறிக்குள் போட்டால்தான் கூட்டுமாம். எரிச்சலாக வந்தது.

இந்த வம்பை நான் விலைக்கு வாங்கியது மனைவிக்காக. தொண்டாமுத்தூரில் நிழல்வலை கட்டி நாற்றுப் பண்ணை ஆரம்பித்திருந்தாள். பன்னிரண்டு பாத்திகள். எட்டிலும் ஒன்பதிலும் வரிக்கத்திரி, அவளுடைய அண்ணனுக்கு. கல்யாணமாகி வந்ததிலிருந்து பிறந்த வீட்டிலிருந்து வாங்கிக்கொண்டே இருந்தவள், முதன்முதலாகக் கொடுக்கப்போவது அந்த நாற்றுதான். அது நன்றாக வரவேண்டுமே என்று அவளுக்கு ஒரே கவலை.

காலையில் தானாகத் தண்ணீர் விட ஒரு சின்னக் கம்ப்யூட்டர் பெட்டியை மாட்டினோம். ஸ்கிரிப்ட் என் பொறுப்பு. ஒவ்வொரு பாத்திக்கும் அது தனித்தனியாக ஓடும். பாத்தி எண்ணை ஐந்தால் பெருக்கினால், அதன் முறை எத்தனையாவது நிமிடத்தில் வரும் என்று தெரிந்துவிடும். அவ்வளவுதான் கணக்கு, ஒழுங்காகத்தான் ஓடியது. ஆனால் திரையில் ஒன்பது வரை ஓரிலக்கம், அப்புறம் ஈரிலக்கம் என்று வரிசை கோணலாக நின்றது. கணக்கெழுதுகிறவன் கண்ணுக்குப் பொறுக்குமா? ஈரிலக்கமாகக் காட்டு, குறைந்தால் முன்னால் சைபர் போடு என்று கட்டளையை மாற்றினேன். 01, 02 என்று எல்லாம் நேராக வந்துவிட்டன. அந்த அழகில் மயங்கி, கணக்குக்கும் அதே எண்களைக் கொடுத்துவிட்டேன்.

"ஏனுங்க, எட்டும் ஒம்பதும் வாடிக் கெடக்குதுங்க. மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்குது" என்றாள் மனைவி.

குழாயில் அடைப்பு என்று நினைத்துக் கழற்றி ஊதினேன். வால்வை மாற்றினேன். ஏழுக்குத் தண்ணீர் வருகிறது, பத்துக்கும் வருகிறது. நடுவில் இந்த இரண்டுக்கு மட்டும் என்ன கேடு?

"எட்டு நமக்கு ஆகாதுங்க. வண்டி நம்பரக் கூட்டுனா எட்டு வரக்கூடாதுன்னு காத்திருந்துதான வாங்குனோம்?"

"அப்ப ஒம்பது என்ன பாவம் பண்ணுச்சு?"

"எட்டுக்குப் பக்கத்துல இருக்குதில்லீங்க."

சிரித்தேன். ஆனால் அவள் பாத்திப் பலகையில் எட்டை அழித்து 7A என்று எழுதியபோது தடுக்கவில்லை. எனக்கே கொஞ்சம் சந்தேகம்தான். மறுநாளும் தண்ணீர் வரவில்லை, அடுத்து வந்த பத்து நாளும் வரவில்லை. வெயில் ஏறி நாற்று தலை தொங்கும்போதெல்லாம் பூவாளியில் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து உயிரைப் பிடித்து வைத்தாள்.

"எங்கண்ணன் வாரப்ப வாடுன நாத்தையா காட்டறது?" என்றாள். எனக்கு அவமானமாக இருந்தது.

அண்ணன் வரவேண்டிய அன்று விடிந்ததும், எட்டாம் பாத்திக்கு மட்டும் ஸ்கிரிப்ட்டை நானே ஓட்டிப் பார்த்தேன். 08 என்று ஒரு எண்ணே கிடையாது என்று அது என்னைத் திட்டியது. முன்னால் சைபர் இருந்தால் ஷெல் அதை வேறொரு கணக்கு முறையில் எடுத்துக்கொள்ளுமாம். அந்த முறையில் ஏழோடு இலக்கம் முடிந்துவிடும், எட்டும் ஒன்பதும் அங்கே பிறக்கவே இல்லை. சைபரைத் திரைக்கு மட்டும் வைத்துக்கொண்டு, கணக்கிலிருந்து எடுத்தேன். யார் எதற்காக இப்படி ஒரு ஏற்பாடு செய்தார்கள் என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

எட்டாம் பாத்தியின் முறை வருவதற்குச் சற்று முன்பே அண்ணன் வந்துவிட்டார். நேராக எட்டாம் பாத்திக்குத்தான் போனார். மற்ற பாத்திகளில் நாற்று நெடுநெடுவென்று வளர்ந்து நிற்க, இது மட்டும் குட்டையாக, தண்டு தடித்து நின்றது. ஒன்றைப் பிடுங்கி வளைத்துப் பார்த்தார். நான் மலையைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

"அம்மணி, தண்ணியக் கொறச்சு நாத்தக் கெட்டிப்படுத்தியிருக்கறயே! நட்டா வெயிலுக்கு இதுதான் தாங்கும். ஆரு சொல்லிக் குடுத்தாங்க?"

மனைவி என்னைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது.

"இவரு போட்ட கணக்குங்ணா" என்றாள்.

அது கேலியா பெருமையா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே, நான் திருத்திய கணக்குப்படி எட்டாம் பாத்தியில் தண்ணீர் வரத் தொடங்கியது. அவள்தான் ஓடிப்போய் வால்வை மூடினாள்.