கூட வந்தவங்க யாரு?

போன வியாழக்கிழமை இரண்டரை மணி நேரம் நான் இந்த உலகத்தில் இல்லை.

பயப்படாதீர்கள். மயக்கமெல்லாம் இல்லை. கடலூரில் ஓர் ஆஸ்பத்திரியில், சக்கர நாற்காலியில், கண்ணைத் திறந்துகொண்டு குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருந்தேன். ஆனால் அங்கே யார் கண்ணுக்கும் நான் தெரியவில்லை.

புயலுக்குத் தப்பித்தவன், புயல் தள்ளிவிட்ட மரத்துக்குத் தப்பவில்லை. செம்மண்டலத்தில் எங்கள் வீட்டு வாசலில் சாய்ந்த முருங்கை இரண்டு வாரமாக அப்படியே கிடந்தது. வெட்ட ஆள் கிடைக்கவில்லை. ஊர் முழுக்க மரம் விழுந்து கிடக்கும்போது மரம் வெட்டுகிறவர் கையில் கிடைப்பாரா? எனக்குப் பொறுமை கிடையாது என்பது இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்குப் புதுச் செய்தி அல்ல. நானே கத்தியை எடுத்தேன். மூன்றாவது வெட்டில் கிளை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். வலது கணுக்கால்.

"பேஷண்ட் கூட வந்தவங்க யாரு?" என்றது கவுன்டரில் இருந்த பெண்.

என் மனைவி கையைத் தூக்கினாள்.

"பேஷண்டுக்கு என்னா வயசு?"

"அம்பத்தஞ்சு."

ஐம்பத்து மூன்று! எனக்கு ஐம்பத்து மூன்று! சத்தமாகவே சொன்னேன். அந்தப் பெண் நிமிரவில்லை. ஐம்பத்தைந்து என்று எழுதிவிட்டது.

எக்ஸ்ரே அறையில், "சாரை கால நேரா வைக்கச் சொல்லுங்கம்மா." உடனே என் மனைவி என் பக்கம் திரும்பி, "கால நேரா வைங்க." தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பு!

கடைசியில் டாக்டர். நல்ல மனிதர், சிரித்த முகம். "சாருக்கு வலி ஜாஸ்தியா இருக்கா?" என்றார். என்னிடம் இல்லை. என் மனைவியிடம்.

"அதெல்லாம் இல்லைங்க டாக்டர். இவுரு முள்ளு குத்துனாலே ஊரக் கூட்டுவாரு."

உயிர் போகிற வலி. நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

கொதித்தது எனக்கு. கால் உடைந்தால் வாயும் சேர்ந்து உடைந்துவிடுமா என்ன? இதை வைத்தே இந்த வாரம் ஒரு பிடி பிடித்துவிடலாம் என்று மனசுக்குள் வாக்கியங்களை அடுக்க ஆரம்பித்தேன். மாவுக்கட்டு காயும்போதுதான் ஸ்டெல்லாவின் ஞாபகம் வந்தது. அடுக்கியதெல்லாம் சரிந்துவிட்டது. வெட்கமாக இருந்தது.

ஸ்டெல்லா, எங்கள் தெருவில் மூன்று வீடு தள்ளியிருக்கும் தாமஸின் மகள். தாமஸ் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறவர். என்னை மச்சான் என்றுதான் கூப்பிடுவார். அதனால் அவர் பெண்ணுக்கு நான் மாமா, என் மனைவி அத்தை. அவள் பிறக்கும்போது மூளைக்குக் கொஞ்ச நேரம் காற்றுப் போகவில்லையாம். கை காலில் விறைப்பு. கைத்தடி ஊன்றி மெதுவாகத்தான் நடப்பாள். பேச்சும் அப்படியே... ஒரு சொல் வரும், நிற்கும், மூச்சு வாங்கும், அப்புறம்தான் அடுத்த சொல். புத்தி மட்டும் எக்ஸ்பிரஸ்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால், பி.ஏ. முடித்த கையோடு, எம்.எஸ்.டபிள்யூ. படித்து சோஷியல் வொர்க்கர் ஆகப்போகிறேன் என்று சொல்லிவிட்டாள். சிதம்பரத்தில் ஒரு கல்லூரிக்கு அப்ளிகேஷன் வாங்கினார்கள். சீட் கிடைக்காவிட்டால் வீட்டு வாசலிலேயே ஒரு டெலிபோன் பூத் வைத்துக் கொடுத்துவிடுவது என்பது தாமஸின் முடிவு. பேசச் சிரமப்படுகிற பெண்ணுக்கு டெலிபோன் பூத்! அதுவும் ஊரில் எல்லார் சட்டைப் பையிலும் செல்போன் வந்துவிட்ட பிறகு! அவளுக்கு அந்த சீட்டை விட்டால் வேறு வழி இல்லை.

"மச்சான், ஏன் இந்தப் படிப்புக்கு வர்றேன்னு ஒரு பக்கம் எழுதிக் குடுக்கணுமாம். நீங்கதான் எழுதறவராச்சே," என்றார் தாமஸ்.

கரும்பு தின்னக் கூலியா? பேனாவைத் திறந்துகொண்டு உட்கார்ந்தேன்.

"சொல்லும்மா. ஏன் சோஷியல் வொர்க்கர் ஆவணும்?"

"நான்... சின்ன... வயசுல... மாமா..."

"உன்ன மாதிரி கஷ்டப்படறவங்களுக்கு உதவணும். அதானே?"

அவள் வாய் மூடிக்கொண்டது. என்னையே பார்த்தாள். நான் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டேன்.

எழுதினேன் பாருங்கள் ஒரு பக்கம்! ஊனம் உடலில்தான், உள்ளத்தில் இல்லை என்று ஆரம்பம். நடுவில் ஒரு மெழுகுவர்த்தி உருகியது. முடிவில் விடியல் வந்தது — வராமல் இருக்குமா? அவள் படித்துவிட்டு, "நல்லா... இருக்கு... மாமா," என்றாள். பாராட்டு என்று நினைத்துக்கொண்டேன். கல்யாண வீட்டில் உப்பில்லாத சாம்பாரையும் அப்படித்தான் பாராட்டுவோம் என்பது எனக்கு உறைக்கவில்லை.

இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். தாமஸுக்கு ஷிப்ட். அவள் அம்மா பள்ளிக்கூடத்தில் டீச்சர், லீவு கிடைக்கவில்லை. "நான்... தனியா..." என்று ஆரம்பித்தாள் ஸ்டெல்லா.

"தனியாவா? நான் எதுக்கு இருக்கேன்!" என்றேன்.

பஸ்ஸில் கண்டக்டர் என்னைப் பார்த்துக் கேட்டார். "சார், இந்தப் பொண்ணுக்கு பாஸ் இருக்கா?" பாஸை அவள் கையில் நீட்டிக்கொண்டுதான் இருந்தாள். "இருக்கு இருக்கு," என்றேன் நான். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில், "பாப்பாவுக்கு சக்கர போடலாமா சார்?" என்றார்கள். பாப்பாவுக்கு வயசு இருபத்திரண்டு. "கம்மியா," என்றேன். எனக்குச் சர்க்கரை ஆகாது, அதனால் உலகத்துக்கே ஆகாது!

அவள் பாதி குடித்துவிட்டு டம்ளரை வைத்தாள். "எனக்கு... சக்கர... ஜாஸ்தி... வேணும்... மாமா."

சிரித்துவிட்டு வாட்சைப் பார்த்தேன். நேரமாகிறதே!

கல்லூரி வராண்டாவில் பத்துப் பதினைந்து பேர். ஒவ்வொருவராக உள்ளே போய் பத்து நிமிஷத்தில் வந்துகொண்டிருந்தார்கள். இவள் முறை வந்ததும் அட்டெண்டர் எட்டிப் பார்த்தார். "ஸ்டெல்லா கூட வந்தவங்க யாரு? நீங்களும் உள்ள வாங்க சார்."

நானும் உள்ளே போனேன். போயிருக்கக் கூடாது.

மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் ஒரு அம்மா, இரண்டு பக்கமும் இரண்டு ஆண்கள். "ஏம்மா, எதுக்காக இந்தப் படிப்ப எடுக்கற?" என்று அந்த அம்மா அன்பாகத்தான் கேட்டார்.

"நான்... சின்ன... வயசுல..."

நின்றது. ஃபேன் சத்தம் கேட்டது. ஒருவர் பேனா மூடியைத் திறந்து மூடினார். சீட் போகிறதே, போகிறதே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. என்னால் தாங்க முடியவில்லை. வாயைத் திறந்தேன். அந்த ஒரு பக்கத்தையும் மனப்பாடமாக ஒப்பித்துவிட்டேன். மெழுகுவர்த்தி, விடியல், ஒன்று விடாமல்!

"அருமையா சொன்னீங்க சார்," என்றார் கண்ணாடி போட்டிருந்தவர். அடுத்த கேள்வியையும் என்னிடமே கேட்டார். "ஃபீல்டு வொர்க் ஜாஸ்தி இருக்குமே சார், அவுங்களால முடியுமா?"

"முடியும் சார். முயற்சி இருந்தா..."

டொக். டொக். ஸ்டெல்லாவின் கைத்தடி தரையில் இரண்டு தட்டுத் தட்டியது.

"மாமா... நீங்க... வெளிய... இருங்க."

எழுந்து வந்துவிட்டேன். காதெல்லாம் சூடு. உதவிக்கு வந்தவனை, நாலு பேர் முன்னால்! என் வயசுக்காவது மரியாதை வேண்டாமா? வராண்டாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். பத்து நிமிஷம் ஆனது. பதினைந்து. கதவிடுக்கில் காது வைக்கலாமா என்றுகூட நினைத்தேன். அட்டெண்டர் பார்த்துக்கொண்டிருந்ததால் முடியவில்லை. இருபத்தைந்து நிமிஷம் கழித்து வெளியே வந்தாள். வேர்த்திருந்தது.

"என்னா கேட்டாங்க? என்னா சொன்ன?"

கைத்தடியை ஊன்றிக்கொண்டு கேட்டைப் பார்த்து நடந்தாள். பஸ்ஸில் ஏறினோம். வெள்ளாற்றுப் பாலம் தாண்டும்வரை நாலு தடவை கேட்டிருப்பேன். பிறகு எனக்கே அலுத்துப்போய் வாயை மூடினேன். அதற்காகவே காத்திருந்த மாதிரி அவள் பேச ஆரம்பித்தாள். ஆரம்பித்தபோது பி.முட்லூர். முடித்தபோது ஆலப்பாக்கம், பாதி வழி தாண்டியாகிவிட்டது.

பத்து வயசில் ஊனச் சர்டிபிகேட்டுக்காக ஒரு கேம்ப்புக்குக் கூட்டிப் போனார்களாம். டாக்டர் காலை மடக்கி, முறுக்கி, நீட்டிப் பார்த்தார். "வலிக்குதா இவளுக்கு?" என்று அம்மாவைக் கேட்டார். "வலிக்காது சார், பழகிடுச்சு," என்றார் அம்மா. அம்மா பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார். ஸ்டெல்லா வலிக்குது என்கிற ஒரு சொல்லைத் தொண்டையிலிருந்து கிளப்பிக்கொண்டிருந்தாள். அது வாய்க்கு வந்து சேர்வதற்குள் சீல் வைத்தாகிவிட்டது. அடுத்த பிள்ளை அந்தப் பெஞ்சில் படுத்தாகிவிட்டது. வெளியே வந்து கேட் பக்கத்தில்தான் அந்தச் சொல் வெளியில் வந்தது. அம்மாவுக்கு அது சரியாகக் கேட்கவில்லை. "பசிக்குதா?" என்று கேட்டு பிஸ்கட் வாங்கிக் கொடுத்தார்.

"தின்னுட்டேன்... மாமா. நல்ல... பிஸ்கட்டு."

ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. மூன்று தடவை வாயைத் திறந்து மூன்று தடவையும் மூடிக்கொண்டேன்.

"அந்த... ரூம்ல... ஒரு ஆளு... இருந்திருக்கணும். நான்... சொல்ற... வரைக்கும்... காத்துக்கிட்டு. அந்த... வேலைக்குத்தான்... போறேன்."

உள்ளே அந்தக் கண்ணாடிக்காரர் விடாமல் கேட்டாராம். பேச இவ்வளவு நேரம் ஆகுதே, எப்படிம்மா கவுன்சிலிங் பண்ணுவே? இவள் சொன்னாளாம்: "வர்றவுங்க... பேசத்தானே... சார்... வர்றாங்க?"

"அப்ப உன்ன மாதிரி ஆளுங்களுக்கு உதவறதுக்கு இல்லியா?" என்றேன், என்னுடைய மெழுகுவர்த்தியை விட மனசில்லாமல்.

சிரித்தாள். "இல்ல... மாமா. உங்கள... மாதிரி... ஆளுங்கள... கொஞ்ச நேரம்... சும்மா... உக்கார... வைக்கறதுக்கு."

முதல் லிஸ்டில் அவள் பெயர் இல்லை. என்னால்தான் கெட்டது என்று எனக்கு இரண்டு வாரம் சோறு இறங்கவில்லை. நோட்டீஸ் போர்டைப் பார்க்கவே இரண்டு தடவை சிதம்பரம் போய் வந்தேன். இரண்டாவது லிஸ்டில், கடைசிப் பெயராக இருந்தது. நான் அந்தப் போர்டு முன்னாலேயே அழுதேன். அட்டெண்டர் பார்த்தால் பார்க்கட்டும்!

இப்போது சிதம்பரம் பக்கம் ஒரு மறுவாழ்வு மையத்தில் வேலை பார்க்கிறாள். ஒருமுறை போயிருந்தேன். அவள் மேஜைக்கு எதிரே ஒரே ஒரு நாற்காலி. கூட வருகிறவர்களுக்கு வெளியே பெஞ்ச். இதற்காகச் சண்டை பிடிக்கிறவர்களும் உண்டு. பெற்ற அப்பனை வெளியே உட்காரச் சொல்லுவியா என்று ஒருவர் அன்றைக்கும் கத்திக்கொண்டிருந்தார். ஸ்டெல்லா அவர் கத்தி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, மறுபடியும் பெஞ்சைக் காட்டினாள்.

ஊனமுற்றவர் என்ற பெயரைச் சர்க்காரே இப்போது மாற்றிவிட்டது — மாற்றுத்திறனாளி. நல்ல பெயர்தான். ஆனால் கேள்வி மாறியதா? டீக்கடையிலிருந்து ஆஸ்பத்திரிவரை, இன்னும் கூட வந்தவங்க யாரு என்றுதானே கேட்கிறோம்? எல்லாம் அன்பாகத்தான் செய்கிறோம். நாலு வார்த்தைக்குக் காத்திருக்க முடியாத நம் அவசரத்துக்கு, இரக்கம் என்று பெயர் வைத்திருக்கிறோம். நானும்தான். நான்தான் முதலில்.

வியாழக்கிழமை சாயங்காலம், மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்ததும் ஸ்டெல்லாவுக்கு போன் போட்டேன். தெருவுக்குக் கரண்ட் வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. போனில் ஒரு கோடு சார்ஜ்தான் மிச்சம். அந்த அவசரத்தில் மூச்சு விடாமல் கொட்டினேன். கவுன்டர், எக்ஸ்ரே, டாக்டர், இரண்டு வயசு கூடிப்போனது, எல்லாவற்றையும். அவள் குறுக்கே ஒரு சொல் பேசவில்லை. நான் நிறுத்தினேன். போன் கீங் கீங் என்று சார்ஜ் கேட்டு அழுதது. அது செத்துப்போவதற்குள் அவள் ஏதாவது சொல்லிவிட மாட்டாளா என்று தவித்தேன்.

"மாமா... வலி... எப்படி... இருக்கு?"

காலையிலிருந்து அந்தக் கேள்வியை என்னிடம் கேட்ட முதல் ஆள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இருக்கிற வலியையெல்லாம் உள்ளபடி சொல்லிவிடலாம் என்று மூச்சை இழுத்தேன்.

அடுக்களையிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. "யாரு, ஸ்டெல்லாவா? வலியெல்லாம் சரியாப் போச்சுன்னு சொல்லுங்க!"

அது போன் வழியே ஸ்டெல்லாவுக்கும் கேட்டுவிட்டது. அவள் சொன்னாள்:

"அத்தைய... கொஞ்சம்... வெளிய... இருக்கச்... சொல்லுங்க."