சொல்லிக்கொடுக்க வராதவர்

முதல் நாளே என் கையிலிருந்த மட்டையைப் பயிற்சியாளர் மேடம் வாங்கிக்கொண்டார். அதைத் தன் தோள்பைக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டு, என்னைக் கண்ணாடிச் சுவருக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். கோவிலம்பாக்கத்தில் அப்போதுதான் திறந்திருந்த பேடல் மைதானம் அது. டென்னிஸ் போல நடுவில் வலை உண்டு. ஆனால் சுற்றிலும் கண்ணாடி. தரையில் ஒருமுறை குத்திய பந்து நம்மைத் தாண்டிப்போய்ப் பின்கண்ணாடியில் பட்டுத் திரும்பினாலும் அடிக்கலாம். அப்படித் திரும்பும் பந்தை வெறுங்கையால் பிடிக்கச் சொன்னார். "அவசரப்படாதீங்க சார். தாண்டிப் போவட்டும். கண்ணாடி திருப்பிக் குடுக்கும்" என்றார். அதன்பிறகு அரை மணி நேரம் அநேகமாக வாயே திறக்கவில்லை.

எனக்கு நாற்பத்தாறு வயது, சர்க்கரை வேறு எட்டிப் பார்த்திருந்தது. சேலையூரில் எங்கள் தெருவைச் சுற்றி நடந்தாலே போதும் என்றாள் மனைவி. அலுவலக நண்பர்கள் பேடல் என்றார்கள். நடப்பதைவிட அது கௌரவமாகத் தோன்றியது. அந்த மைதானத்தில் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். புதிதாக வருபவருக்கு இரண்டு பயிற்சியாளர்களிடமும் ஒவ்வொரு வகுப்பு இலவசம். பிறகு உரிமையாளர் போன் செய்து யார் வேண்டும், ஏன் என்று கேட்பார், சொன்னதைக் குறித்துக்கொள்வார்.

இரண்டாமவரை எல்லோரும் கோச் என்றே அழைத்தார்கள். அவர் போடும் பந்து தேடிக்கொண்டு நேராக மட்டைக்கே வரும். எங்கே அடித்தாலும் "செம சார்!" என்பார். நான் உருப்படியாக அடித்த ஒரே அடியை வீடியோ எடுத்து அனுப்பினார். அதை மனைவியிடம் மூன்று முறை காட்டினேன்.

மேடத்தின் வகுப்புக்கும் ஒரு வீடியோ இருந்தது, நண்பர்கள் எடுத்தது. தொப்பையோடு குனிந்து, வெறுங்கையை நீட்டிக்கொண்டு, கண்ணாடிக்கு முன் தடுமாறுகிற நான். அலுவலகக் குழுவில் அதைப் போட்டுவிட்டு இரண்டு நாள் ஓட்டினார்கள்.

மேடத்துக்கு முப்பது வயது இருக்கலாம். இரும்புலியூரிலிருந்து ஸ்கூட்டியில் வருவார். முழங்காலில் இருந்த அறுவைச் சிகிச்சைத் தழும்பைப் பார்த்து நானாகக் கேட்டபோதுதான் மாநில அளவில் டென்னிஸ் ஆடியவர் என்று தெரிந்தது. "ஆடினேன் சார், முட்டி போச்சு" என்றார், அவ்வளவுதான். நான் கோட்டைவிட்ட பந்துகளை என்னைப் பொறுக்க விடாமல், காலை லேசாக இழுத்தபடி அவரே போய்ப் பொறுக்கிவந்தார். கடைசியில் ஐந்து பந்துகளைத் தொடர்ந்து பிடித்தேன். அவர் சிரித்தார். ஓடி அலையாமல் நின்ற இடத்தில் காத்திருக்க என்னாலும் முடிகிறதே என்று எனக்கு அத்தனை சந்தோஷமாக இருந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

காம்ப் ரோட்டில் நெரிசலில் பைக்கோடு நின்றிருந்தபோது உரிமையாளர் அழைத்தார். "இன்னா சார், யார போடட்டும்?" கோச் என்றேன். "மேடத்தாண்ட இன்னா பிரச்சன?" என்றார். நண்பர்கள் கிண்டல் செய்தார்கள், மானம் போய்விட்டது என்று சொல்ல நாக்கு எழவில்லை. "நல்ல பிளேயரா இருக்கலாம். ஆனா அவங்களுக்கு சொல்லிக் குடுக்க வரல" என்றேன். விஷயம் தெரிந்தவன் போலப் பேசியது எனக்கே பிடித்திருந்தது. முன்னால் நின்ற பேருந்து நகர்ந்ததும் போனை வைத்துவிட்டேன்.

மூன்றாவது வாரம் மேடத்தைக் காணோம். கேட்டதற்கு, "எல்லாரும் கோச்சதான் கேக்கறாங்க. நீங்ககூட சொன்னீங்களே சார்" என்றார் உரிமையாளர். நான் ஒருவன் சொல்லியா போயிருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். தேறிவிடுகிற மனம்தான் எனக்கு.

சில மாதங்கள் கழித்து மேடத்திடமிருந்து ஒரு செய்தி வந்தது. ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியை வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறார். அவரிடம் கற்றுக்கொண்ட ஒருவர் கடிதம் தர வேண்டுமாம். "நீங்க ஒருத்தர்தான் சார் மூஞ்ச சுளிக்காம அரை மணி நேரமும் நின்னீங்க. அதான் உங்கள கேக்கறேன்" என்று எழுதியிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து அந்தக் கடிதத்தை எழுதினேன். அவருடைய பொறுமையை எழுதினேன், அவர் பொறுக்கிவந்த பந்துகளை எழுதினேன், அந்த ஐந்து பந்துகளையும் எழுதினேன். இவரைவிட நன்றாக எனக்கு யாரும் எதையும் சொல்லிக்கொடுத்ததில்லை என்று முடித்தேன். செய்த தப்புக்கு ஈடு கட்டிவிட்டதாக நினைத்து அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. "லெட்டர் ரொம்ப நல்லா இருந்துச்சு சார், தேங்க்ஸ். ஸ்கூல்லேர்ந்து நம்ம ஓனருக்கும் போன் பண்ணி விசாரிச்சிருக்காங்க. நீங்க அவர்கிட்ட சொன்னத அவர் அப்படியே சொல்லிட்டாராம், உங்க பேரோட. வேல கெடைக்கல. பரவால்ல சார்."

கோச் இப்போது பெங்களூரில் இருக்கிறார். நானும் ஆட்டத்தை விட்டுவிட்டுத் தெருவைச் சுற்றி நடக்கிறேன். மேடத்துக்காக எழுதிய கடிதத்தை அவ்வப்போது எடுத்துப் படிப்பேன். அதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. உரிமையாளர் கேட்ட அன்று அதிலிருந்து ஒரு வரியைச் சொல்லியிருந்தால் போதும்.