காரில் இருக்கிறார்

ரத்தம் எடுக்கும் நாற்காலியில் உட்கார்ந்தால் எனக்கு மயக்கம் வரும். பிரசவ வலியைப் பல்லைக் கடித்துத் தாங்கியவள்தான். ஆனால் கையில் அந்த ரப்பர் பட்டையைக் கட்டியதும் காதில் இரைச்சல் கிளம்பும், நெற்றி வேர்க்கும், அப்புறம் ஒன்றும் தெரியாது. பயப்பட எதுவுமில்லை, படுக்க வைத்து எடுக்கச் சொல்லுங்கள் என்றார் டாக்டர். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவள் என்பதால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இந்தக் கூத்து.

முன்பெல்லாம் என் கணவர்தான் அழைத்துப் போவார். உள்ளே மட்டும் வரமாட்டார். ஸ்பிரிட் வாசனை பட்டாலே அவருக்கு வயிற்றைப் பிரட்டும்.

"நான் கார்லயே இருக்கேன்மா. நானும் உள்ள வந்தா ரெண்டு பேரையும் சேர்த்து அள்ளணும் அவங்க" என்பார்.

நல்ல துணை! எங்கள் ஊர் காப்பெல்லின் வெயிலில் ஏசியைப் போட்டுக்கொண்டு, சீட்டைச் சாய்த்துச் சிவனே என்று கிடப்பார். உள்ளே ரத்தம் எடுக்கும் பெண், கூட யாராவது வந்திருக்கிறார்களா என்று கேட்பாள். கணவர் காரில் இருக்கிறார் என்பேன். அது உண்மை.

அவர் போய் மூன்று வருடமாகிறது. தனியாகப் போன முதல் தடவை அதே கேள்வி வந்தது, அதே பதில் தானாக வாயில் வந்துவிட்டது. அடுத்த முறை தெரிந்தே சொன்னேன். யாரும் வரவில்லை என்றால் அங்கிருந்து கலிபோர்னியாவில் இருக்கும் மகனுக்கு ஃபோன் போகும். அவன் "அம்மா, ஜஸ்ட் மூவ் இன் வித் அஸ்" என்று ஆரம்பித்துவிடுவான். தெருவில் நாலு தமிழ்க் குடும்பம் இருக்கிறது. "ஒரு வார்த்தை சொல்லுங்க ஆன்ட்டி, டிராப் பண்றோம்" என்று சொல்லாதவர்கள் இல்லை. அந்த ஒரு வார்த்தைதான் எனக்கு வராது. வீம்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

போன கோடையில் மயக்கம் கொஞ்சம் நீண்டுவிட்டது. கண் விழித்தபோது கால்கள் உயரத்தில் இருந்தன, நெற்றியில் ஈரத்துண்டு. ஆப்பிள் ஜூஸ் டப்பா ஒன்றைக் கையில் திணித்து, உன்னை உன் கணவரிடம் நானே ஒப்படைக்கிறேன், வா என்றாள் அந்தப் பெண். வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். ஹனி, ஹனி என்று கொஞ்சிக்கொண்டே தோளைப் பிடித்து வெளியே நடத்திப் போனாள்.

கார் பக்கத்தில் போனதும் கைப்பைக்குள்ளேயே சாவியை அழுத்தினேன். விளக்கு மின்னிக் காட்டிக்கொடுத்தது. அவள் வலது பக்கக் கதவைத் திறந்து என்னை உட்கார வைத்தாள். இருபது வருடம் நான் உட்கார்ந்து வந்த இடம். பக்கத்தில் டிரைவர் சீட், ஸ்டியரிங்கை ஒட்டி இழுத்து விட்டபடி. அதன்மேல் எனக்குச் சாலை தெரிவதற்காக நான் போட்டிருக்கும் குஷன்.

காபி வாங்கப் போயிருப்பார் என்றேன். ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய்.

அப்படியானால் அவர் வரும்வரை நிற்கிறேன் என்றாள். வெயிலில் அவள் முகம் சிவந்துகொண்டிருந்தது. ஜூஸை உறிஞ்சினேன். தீர்ந்தும் போயிற்று. அவள் நகரவில்லை.

"வரமாட்டார்" என்றேன்.

தமிழில் சொல்லியிருக்கிறேன். மூன்று வருடத்தில் எந்த மொழியிலும் நான் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. அவள் குஷனைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். சுற்றி வந்து, குஷனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். எனக்குத் தெளியும்வரை இருந்துவிட்டுத்தான் உள்ளே போனாள்.

மூன்று மாதம் கழித்துப் போனபோதும் அவளேதான். நேராகக் கட்டிலுக்கு அழைத்துப் போனாள். ரத்தம் எடுத்த பிறகு அரை மணி நேரம் எழுந்திருக்கவே விடவில்லை. மகனுக்கும் ஃபோன் போகவில்லை. கூட யார் வந்திருக்கிறார்கள் என்று மட்டும் அவள் கேட்கவில்லை. நல்ல மனசு, தெரிந்தேதான் கேட்காமல் விட்டாள். ஆனாலும் எனக்கு அவள்மேல் அப்படியொரு கோபம் வந்தது. கேட்டிருந்தால், அந்த ஒரு நிமிடமாவது அவர் காரில் இருந்திருப்பார்.