சுப்புலக்ஷ்மி மாமியின் நீல வாளி

வலியசாலை அக்ரகாரத்தில் சேஷன் குழந்தைகளைப் பிரசாதத்தைத் துப்பச் சொல்கிறாராம். மார்கழிப் பாதியில் கிளம்பிய இந்தச் செய்தி சாலைக் கடைத்தெருவுக்கு வந்து சேர்வதற்குள் அவர் நாத்திகராகவும் ஆகியிருந்தார். மொத்த வியாபாரக் கடையில் கணக்கெழுதுகிறவர்; விபூதி இல்லாமல் பேனாவைத் தொடமாட்டார். எப்போது மாறினார் என்று பார்க்கப் போனேன்.

விடியற்காலை பஜனை முடிந்து குழந்தைகள் இலைத்துண்டில் சர்க்கரைப் பொங்கல் தின்றுகொண்டிருந்தார்கள். கோயில் மதிலுக்கு வெளியே ஒரு நீல வாளியோடும் செம்புத் தண்ணீரோடும் சேஷன் நின்றார்.

"முழுங்கியாச்சா? ஆ காட்டு. இப்போ கொப்பளி. மதில்ல துப்பாதே, வாளியில."

பொங்கல் வயிற்றுக்குப் போனபிறகுதான் கொப்பளிப்பு. துப்பியது தண்ணீர். வதந்தி அங்கேயே செத்துவிட்டது என்று நானும் திரும்பியிருப்பேன், சேஷன் விடவில்லை.

"இவ வாயைப் பாரும், ஓய்."

ஒன்றாம் வகுப்பில் படிக்கும் அவர் மகள் மாளவிகா வாயைத் திறந்தாள். கீழே ஒரு கடைவாய்ப் பால்பல், சீழ் எடுத்துப் புதிதாக அடைத்தது. அதனடியிலிருந்து அடுத்த பல் வர பத்து வயதாவது ஆகும், அதுவரை இதுதான் இடம்பிடித்து வைக்கவேண்டும் என்று பல் டாக்டர் ஆர்யா சொல்லியிருந்தார். ராத்திரி தேய்க்காமல் படுக்கக் கூடாது. ஒட்டுகிற தித்திப்பு கூடாது. மறுபடி சீழ் வைத்தால் பிடுங்கத்தான் வேண்டும்.

பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்ல சேஷனுக்கு நாக்கு எழாது. அதனால் வாளி. மாளவிகா மட்டும் கொப்பளித்தால் கேலி செய்வார்களென்று எல்லாக் குழந்தைகளையும் வரிசையில் நிறுத்தினார். அவர் வீட்டு வாளி ஓட்டை. இது எதிர்வீட்டு சுப்புலக்ஷ்மி மாமியிடம் இரவல் வாங்கியது.

"யார்ட்ட சொன்னாலும் ஒரே பாட்டு. பால்பல்லாக்கும், எப்படியும் விழப்போறதுதானேன்னு. நாங்கூடத்தான் ஒருநாள் விழப்போறேன். என்னை இப்பவே பிடுங்கிப் போடறாளா?"

நான் உண்மையைத் தெருவில் நாலு பேரிடம் சொன்னேன். யாருக்கும் ருசிக்கவில்லை. துப்பச் சொல்கிற அப்பனுக்குப் பெண்ணாகப் பிறந்தாளே பாவம் என்று தெருவே உருகியது. பள்ளி விட்டு வரும் வழியில் ஒரு வாசலில் கல்கண்டு, அடுத்த வாசலில் கடலைமிட்டாய். மாமி வீட்டில் கைநிறைய சர்க்கரை உப்பேரி, வெல்லப்பாகில் புரட்டிய நேந்திரங்காய் வறுவல். வெல்லம் பல்லிலேயே குடியிருக்கும். எல்லா வாசலிலும் கூடவே ஒரு வார்த்தை: "அப்பாட்ட சொல்லாதே, கேட்டியா." பெரியவர்கள் சொன்னால் கேட்கிற குழந்தை, சொல்லவில்லை. விடியற்காலையில் ஒழுங்காகக் கொப்பளித்தாள். சாயங்காலம் ஒழுங்காகத் தின்றாள்.

தை பிறந்ததும் கன்னம் வீங்கியது. என்னென்ன சாப்பிட்டாய் என்று ஆர்யா கேட்டதற்கு, டாக்டரிடம் சொல்லக் கூடாதென்று யாரும் சொல்லியிருக்காததால், மாளவிகா வீட்டுவரிசைப்படி ஒப்பித்தாள். சேஷன் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பல்லைப் பிடுங்கினார்கள்.

மறுநாள் வாளியைச் சாம்பல் போட்டுத் தேய்த்து எதிர்வீட்டுக்கு எடுத்துப் போனார்.

"மாமி, வாளி."

"ஊர்க் குழந்தைகள் எச்சலெல்லாம் பட்டதாக்கும். அகத்துக்குள்ள எடுக்கப் பத்துமோடா, ஆசாரம் போயிடாதோ? புதுசு வாங்கித் தா."

"மாமி குடுத்த உப்பேரியால அவளுக்குப் பல்லு போச்சு."

"பால்பல்தானே. மொளைக்கும்."

"மொளைக்கட்டும். அன்னிக்குத் தரேன், புது வாளி."

ஆர்யாவின் கணக்குப்படி அதற்கு இன்னும் வருஷங்கள் இருக்கின்றன. அதுவும் பக்கத்துப் பல் சாய்ந்து இடத்தை அடைக்காமல் இருந்தால். சேஷன் இரவல் வாங்கிய வாளியைத் திருப்பித் தரவில்லை என்பதுதான் இப்போது கடைத்தெரு வரை வந்திருக்கும் செய்தி. போய்ப் பார்த்தேன். வாளி மாமி வீட்டு வாசலில்தான் இருக்கிறது, அன்று சேஷன் வைத்த இடத்திலேயே.