தாழிக்குச் சாட்சி

பாபநாசத்தில் ஒரு ரைஸ் மில்லின் மாடியில், மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலையில், வீட்டில் தேடுவாரற்ற ஏழெட்டுப் பேர் கூடிச் சோழர்களைப் பற்றிக் கவலைப்படுவோம். அதற்கு வரலாற்று ஆர்வலர் சங்கம் என்று பெயர். கீழே மில் ஓடும். அதற்கு மேல் கத்தினால்தான் சரித்திரம் காதில் விழும். யாராவது தரங்கம்பாடிக்குப் போய்வந்தால், டேனிஷ்காரன் புகைத்துவிட்டு எறிந்த சுங்கான் துண்டு ஒன்றைப் பொட்டலம் கட்டிக் கொண்டுவருவார். அதைக் கை மாற்றி வாங்கிப் பார்ப்பதிலேயே காலைப்பொழுது போய்விடும். வெளியே கூலித் தகராறில் வயலுக்கு வயல் கொடி நட்டுக்கொண்டிருந்த காலம் அது. மாடியில் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது. அது அரசியல். முந்நூறு வருஷமாவது ஆகாத சண்டையை நாங்கள் சண்டையாகவே மதிப்பதில்லை.

தலைவர் எங்கள் ஊர் மிராசுதார். ஆட்சி மாறிய வாரமே வேட்டியின் கரையையும் மாற்றிக்கொண்டவர். ஆனால் சரித்திரம் என்று வந்துவிட்டால் இம்மி வளைய மாட்டார். யார் எந்தச் செய்தி சொன்னாலும் கண்ணை மூடிக்கொண்டு, "ஆதாரம் என்ன?" என்பார். பாதிச் செய்திகள் அங்கேயே செத்துப்போகும்.

நான் தொடக்கப்பள்ளி வாத்தியார். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். மாதாமாதம் வரும் சைக்ளோஸ்டைல் இதழுக்கு ஸ்டென்சிலில் எழுதுவது என் பொறுப்பு. என் அபிப்பிராயத்தை யாரும் கேட்டதில்லை, கேட்டிருந்தால் நானே பயந்திருப்பேன். தலைவரின் நிலத்தைத்தான் என் அப்பா வாய்மொழிக் குத்தகைக்குச் சாகுபடி செய்துகொண்டிருந்தார்.

ஒரு கோடையில் அப்பா வடிகால் வெட்டும்போது மண்வெட்டி எதிலோ தட்டியது. தாழி. மண்வெட்டியைப் போட்டுவிட்டு, அரைநாள் கையாலேயே மண்ணைப் பறித்து, விளிம்பு உடையாமல் வெளியே எடுத்தார். ஆள் அனுப்பி மிராசுதாருக்குச் சொன்னார். அவர் குடையோடு வந்து வரப்பில் நின்று பார்த்தார். அடுத்த இதழில் "தலைவர் கண்டெடுத்த முதுமக்கள் தாழி" என்று ஆறு பக்கக் கட்டுரை. தலைவர் குடை பிடித்திருந்தது உட்பட எல்லாம் இருந்தது. மண்வெட்டி மட்டும் இல்லை. நானே ஸ்டென்சில் எழுதினேன், எழுத்துப்பிழையில்லாமல்.

எங்கள் சங்கத்தில் இந்தி வாத்தியார் ஒருவர் இருந்தார். பள்ளிக்கூடத்தில் இந்தியை எடுத்துவிட்டதில் வேலை போய், நிறைய நேரம் மிச்சமானவர். அடுத்த கூட்டத்தில் அவர் எழுந்தார்.

"தப்பா நெனைக்காதீங்க. வேற எங்கயோ கெடந்த தாழிய யாராவது கொண்டாந்து பொதச்சிருக்கலாம் இல்லீங்களா? ஆதாரம் என்ன?"

தலைவரிடமே ஆதாரம் கேட்ட முதல் ஆள். தலைவரின் முகம் சுருங்கிப்போனது. அடுத்த இதழுக்கு அவர் கொடுத்த பதிலை இன்றும் மனப்பாடமாகச் சொல்வேன்: "இவ்வயலை இருபத்தெட்டு ஆண்டுகளாக ஒரே குத்தகைதாரர் இடைவிடாது சாகுபடி செய்து வருகிறார். வேற்றாள் எவரும் இங்கு மண்வெட்டி வைத்ததில்லை. ஆகவே தாழி இம்மண்ணுக்கே உரியது." இந்தி வாத்தியார் தோல்வியை ஒப்புக்கொண்டார். திருப்பனந்தாள் வரைக்கும் பிரதிகள் தபாலில் போயின.

மறுவருஷம், குத்தகைதாரர் பெயர்களைப் பதிவு செய்ய தாசில்தார் ஊர் ஊராக வந்தார். பதிவில் பெயர் ஏறினால் அப்பாவை யாரும் நிலத்தைவிட்டு எழுப்ப முடியாது. ஏறாவிட்டால் குறுவை அறுப்போடு வெளியே. மிராசுதார் ஊரெல்லாம் ஒரே பாட்டுத்தான் பாடினார்: தனக்குக் குத்தகைதாரரே கிடையாது, எல்லாம் சொந்தப் பண்ணை, கூலியாள் வைத்துத்தான் விவசாயம். கர்ணத்தின் ஊர்க்கணக்கிலும் அப்பா இல்லை. களத்தில் நெல்லை அளந்து கொடுத்ததற்கு அப்பா ரசீது கேட்டதில்லை. கேட்டிருந்தால் அந்த வருஷமே மண்வெட்டியைப் பிடுங்கியிருப்பார்கள்.

சோழர் காலத்துக் கல்லைப் படித்து, எவனோ ஆண்ட நிலத்துக்கு நான்கெல்லை சொல்கிறவருக்கு, நேற்றுவரை தன் வரப்பில் நின்ற ஆளைத் தெரியவில்லை. வீட்டில் இருந்த இதழ்க் கட்டைப் பிரித்தேன்.

விசாரணை பஞ்சாயத்து ஆபீசில் நடந்தது. இந்தி வாத்தியாரும் வேடிக்கை பார்க்க வந்து ஜன்னலோரம் நின்றார். நான் அந்தப் பதில் வந்த இதழை நீட்டினேன். தாசில்தார் இரண்டு தடவை படித்துவிட்டுத் தலைவரைப் பார்த்தார்.

"இது நீங்க எழுதினதுங்களா?"

"சங்கத்து இதழ் அது," என்றார் தலைவர், என்னைப் பார்த்துக்கொண்டே.

"எழுதினது நீங்கதானே?"

"ஆமா."

"குத்தகைதாரரே இல்லேன்னு இப்ப சொன்னீங்க. அப்ப இதுல இருக்கறது பொய்யா?"

பொய் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நிலம் தப்பிவிடும். தாழி போய்விடும். தலைவர் நிமிர்ந்தார். ஜன்னலோரம் நின்ற இந்தி வாத்தியார் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். தலைவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஆதாரம் இல்லாம நான் எதையும் எழுதறதில்லீங்க," என்றார்.

அதோடு விட்டிருக்கலாம். தாசில்தாருக்கும் சரித்திரத்தில் கொஞ்சம் ருசி போலிருக்கிறது. அப்பா பக்கம் திரும்பினார்.

"அது சரி, தாழிய மொதல்ல பாத்தது யாரு?"

அப்பா உள்ளதைச் சொல்லித் தொலைத்தால், தலைவர் ரோஷத்தில் கட்டுரையையே வேண்டாம் என்று சொல்லிவிடலாம். தாழியை எடுத்த அன்று அப்பாவின் விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருந்தது. வேப்பெண்ணெய் தடவிவிட்டவன் நான். சொல்ல அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. மிராசுதாரைத்தான் பார்த்தார்.

"ஐயாதாங்க கண்டுபிடிச்சாங்க. நான் இருபத்தெட்டு வருஷமா அந்த மண்ணுலயேதான் கெடந்தேன். என் கண்ணுல படலீங்க."

தலைவர் மெல்லத் தலையாட்டினார், நல்ல ஆதாரத்துக்கு ஆட்டுவதுபோல. தாசில்தார் இதழை இன்னொரு முறை புரட்டினார். குத்தகைதாரர் என்றுதான் அதில் இருந்தது, பேர் இல்லை. ஸ்டென்சிலில் எழுதும்போது அது எனக்கே உறைக்கவில்லை. அவர் பதிவேட்டை இழுத்துவைத்துப் பேனாவைத் திறந்தார்.

"உங்க பேரு சொல்லுங்க."

மில் சத்தத்துக்கு மேல் கத்துகிற மாதிரி, அப்பா தன் பெயரைச் சொன்னார்.