மலாமா வெட்டவிடாத காடு

எங்கள் கணக்கெடுப்புக் குழுவில் மரத்துக்குப் பெயர் சொல்கிற வேலை மலாமாவுடையது. ஒருவர் கயிறு பிடிப்பார், ஒருவர் நாடாவைச் சுற்றிப் பருமன் சொல்வார். மலாமா பட்டையைக் கீறி மோந்துபார்த்துப் பெயர் சொல்வாள். நான் நோட்டில் எழுதுவேன். தானாக முளைத்து வளர்ந்த காடு நாட்டில் எவ்வளவு இருக்கிறது, கூடுகிறதா குறைகிறதா என்று அரசாங்கத்துக்குத் தெரியவேண்டும். அதற்காக ஐந்தாறு வருஷத்துக்கு ஒருமுறை அதே இடங்களுக்குப் போய் அளப்போம்.

முதல் சுற்றில் எங்களோடு சேர்ந்தபோது அவளுக்கு இருபத்தாறு வயது. அவள் கணவன் கட்டோங்கோ செம்புச் சுரங்கத்தில் வேலை தேடி கிட்வே போய் மூன்று வருஷமாகியிருந்தது. முதல் வருஷம் ஒரு போர்வையும் கடிதமும் வந்தன. அப்புறம் ஒன்றுமில்லை. எங்கள் வண்டி ஜாம்பியா முழுக்கச் சுற்றும் என்று கேள்விப்பட்டுத்தான் அவள் வேலைக்கு வந்தாள். இறங்குகிற ஊரிலெல்லாம் அவன் பெயரைச் சொல்லி விசாரிப்பாள்.

அவள் ஊர் இருக்கிற காசமா பக்கத்தில் ஆண்கள் மரத்தின் உச்சிவரை ஏறிக் கிளைகளைக் கழிப்பார்கள். பெண்கள் அவற்றைச் சுமந்து குவிப்பார்கள். மழைக்கு முன் தீவைத்து, அந்தச் சாம்பலில் கேழ்வரகு விதைப்பார்கள். சில போகம் எடுத்தபின் விட்டுவிட்டால் மொட்டை மரங்கள் மறுபடி தழைத்து, இருபது வருஷத்தில் பழையபடி காடாகிவிடும். கட்டோங்கோ ஏறாத மரம் அந்த வட்டாரத்தில் இல்லை. இடதுகைக்காரன். அதனால் அவன் வெட்டு மற்றவர்கள் வெட்டுக்கு எதிர்ப்பக்கமாகச் சரிந்திருக்கும். கடைசியாக அவனும் மலாமாவும் இப்படிச் சேர்ந்து போட்ட கொல்லையில்தான் நாங்கள் அளக்கவேண்டிய இடங்களில் ஒன்று விழுந்தது.

அங்கே தீயில் கருகிய அடிக்கட்டைகளிலிருந்து தளிர்கள் இடுப்பளவு வளர்ந்து நின்றன. அதிகாரி சிசேங்கா ஐந்து மீட்டர் கோலை நட்டுப் பார்த்துவிட்டு, தரிசு என்று எழுதச் சொன்னார். இந்தக் கோல் உயரத்துக்கு வளர்ந்தால் என்ன எழுதுவீர்கள் என்று மலாமா கேட்டாள். தானாக மீண்ட காடு என்று எழுதுவோம் என்றார்.

அதன்பின் அந்தக் கொல்லையில் அவள் யாரையும் கைவைக்க விடவில்லை. ஊரில் ஆள் பெருகி, எல்லோரும் இளங்காட்டையே திரும்பத் திரும்ப வெட்டத் தொடங்கியிருந்தார்கள். அவளுடைய தம்பி கபெம்புவா ஒருநாள் கோடாரியோடு வந்தான்.

“அத்தான் வந்து ஒவ்வொரு மரமா எண்ணிப் பாக்கப்போறாராக்கா?” என்று கேட்டான்.

“எண்ணுனா கொறையக் கூடாதுல்ல,” என்றாள்.

மூன்று நாள் பானையும் அடுப்புமாக அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அவன் வேறிடம் தேடிப் போனான்.

இரண்டாம் சுற்றில், ஐந்து வருஷம் கழித்து, கிட்வேக்குத் தெற்கே ஓரிடத்துக்குப் போனோம். போன முறை அடர்ந்த காடு என்று நானே எழுதிய இடம். இப்போது கண்ணுக்கெட்டியவரை அடிக்கட்டைகளும் கரிமூட்டைகளும்தான். அடிக்கட்டைக்கும் பெயர் எழுதவேண்டும். மலாமா ஒன்றன்முன் குந்தினாள். பெயர் சொல்லவில்லை. அடுத்ததற்குப் போனாள், அதற்கடுத்ததற்கும். எல்லா வெட்டுகளும் எதிர்ப்பக்கமாகச் சரிந்திருந்தன.

புகை வந்த திசையில் நடந்தாள். நான் பின்னாலேயே போனேன். கரிச்சூளைமேல் மண் போட்டுக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்தான், மண்வெட்டியைக் கீழே வைத்தான். சற்றுத் தள்ளி ஒரு பெண், முதுகில் குழந்தையைக் கட்டிக்கொண்டு கரி சலித்துக்கொண்டிருந்தாள். அவள் பெயர் லொம்பே என்று பிறகு தெரிந்தது.

கட்டோங்கோதான். கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டான். பிறகு, “நம்ம கொல்லை என்னாச்சு?” என்றான்.

“தலைக்கு மேல ஒரு முழம் வளந்திருக்கு.”

“யாரும் வெட்டலியா?”

“நான் விடல.”

அவன் கைகளைப் பார்த்துக்கொண்டான். “சொரங்கத்துல வேல கெடைக்கல, மலாமா. வெறுங்கையோட எப்படி வர்றதுன்னு இருந்துட்டேன். அப்புறம் வரமுடியாதபடி ஆயிப்போச்சு.”

“கடுதாசியாவது போட்டிருக்கலாம்,” என்றாள்.

லொம்பேயிடம் குழந்தையின் பெயரைக் கேட்டாள். பையிலிருந்த முசூக்கு என்கிற காட்டுப் பழங்களை அவள் மடியில் போட்டாள். பிறகு திரும்பிவந்து, விட்ட இடத்திலிருந்து ஒவ்வொரு அடிக்கட்டைக்கும் பெயர் சொன்னாள். குரல் பிசகவில்லை. அழிந்த காடு என்ற பத்தியில் எல்லாவற்றையும் எழுதினேன். வண்டியில் ஏறியபிறகு என்னிடம் சொன்னாள்.

“எப்படியிருக்கேன்னு அவன் கேக்கவே இல்ல, தம்பி. கொல்லையத்தான் கேட்டான்.”

இனி அந்தக் கொல்லையை யாருக்காவது கொடுத்துவிடுவாள் என்று ஊர் எதிர்பார்த்தது. அவள் கொடுக்கவில்லை. பெண் கேட்டு வந்த இரண்டு பேரையும் சாப்பாடு போட்டு அனுப்பிவைத்தாள். அந்தி சாயும்போது கொல்லைக்குப் போய்க் கொஞ்சநேரம் நின்றுவிட்டு வருவாளாம். கபெம்புவா சொன்னான்.

மூன்றாம் சுற்றில் அவள் கொல்லை மரங்கள் கோலைத் தாண்டியிருந்தன. மீண்ட காடு என்று எழுதினேன். நாட்டுக் கணக்கு வந்தபோது மொத்தக் காடு குறைந்திருந்தது.

“நம்மளதச் சேத்துமா?” என்று கேட்டாள்.

“சேத்துதான்க்கா.”

அடுத்த மழைக்காலத்தில் லொம்பே இரண்டு பிள்ளைகளோடு ஊருக்கு வந்து இறங்கினாள். கட்டோங்கோ காய்ச்சலில் இறந்துவிட்டான். காசமா பக்கம் ஒரு காடு இருக்கிறது, அங்கே போனால் விரட்டமாட்டார்கள் என்று சாகுமுன் சொன்னானாம். மலாமா வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். லொம்பேயும் பக்கத்தில் உட்கார்ந்தாள். அன்றிரவு பிள்ளைகளுக்குக் களி கிண்டிப் போட்டது கபெம்புவாவின் மனைவிதான்.

மழை ஓய்ந்து மரம் கழிக்கும் பருவம் வந்ததும் மலாமாவே தம்பியைக் கூப்பிட்டு, கொல்லையில் ஏறச் சொன்னாள். இரண்டு பிள்ளைகள் சாப்பிடவேண்டுமே. சேதி கேட்டு நான் போனபோது பாதி மரங்கள் மொட்டையாகியிருந்தன. அவளும் லொம்பேயும் கிளைகளைச் சுமந்துகொண்டிருந்தார்கள். அடுத்த சுற்றில் நான் மறுபடி தரிசு என்று எழுதவேண்டியிருக்கும். அது அவளுக்கே தெரியும்.

“வருவான்னு காத்துக் காத்துப் பழகிப்போச்சு, தம்பி,” என்றாள் என்னிடம். “இப்பவும் சாயங்காலமானா கால் தானா இங்க வந்துடுது.”

ஒரு பெரிய கிளை கீழே வந்து விழுந்தது. மறுமுனையைப் பிடிக்கச் சொல்லி லொம்பேயைக் கூப்பிட்டாள்.