அண்ணன் பட்டு திருடவில்லை

அண்ணன் மறைந்து இன்றோடு ஓராண்டு ஆகிறது. படையலுக்கு வந்து, இலை போடும்வரை இந்த நினைவு மலரைப் புரட்டிக்கொண்டிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கையாகிய நான் முதலில் சொல்ல வேண்டியது ஒன்றுதான். அண்ணன் பட்டு திருடவில்லை. ஜரிகையும் திருடவில்லை. அவருக்கு மனநோய் இருந்தது. வேலூரில் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். அதை மறைப்பதற்காக நம் குடும்பம்தான் அவரைத் திருடனாக்கியது.

இதை எழுதக் கூடாது என்று மூன்று பேர் என் வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். "பொறுமைசாலி, யார் வம்புக்கும் போகாதவர்னு நாலு வரி எழுதும்மா, போதும்" என்றார்கள். அச்சகத்துக்கும் ஆள் அனுப்பி, நான் என்ன எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்று விசாரித்திருக்கிறார்கள். அதனால் அச்சுக் கோத்து முடியும்வரை இரண்டு நாள் அங்கேயே போய் உட்கார்ந்திருந்தேன். ஒரு வரி குறைந்திருந்தாலும் எனக்குத் தெரிந்துவிடும்.

அண்ணன் சேவூரில் பிறந்தார். ஏழாவது வரை படித்தார். அப்பா நெஞ்சுச் சளியில் போய்ச் சேர்ந்தபோது அண்ணனுக்குப் பதினைந்து வயது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அப்பாவின் தறிக் குழியில் கால் வைத்து இறங்கினார். அம்மாவையும் என்னையும் அந்தக் குழியில் இருந்துதான் காப்பாற்றினார். சாயம் போட்ட பட்டை விரலால் நெருடிப் பார்த்தே, போன தடவை வந்த சாயமா, வேறு சாயமா என்று சொல்லிவிடுவார். குரலை உயர்த்திப் பேச மாட்டார். எனக்குக் கோபம் வந்தால், "உன் வாய்க்கு ஒரு தறி போட்டா மாசம் நாலு சேலை எறங்கும்" என்பார். அவருக்குத் தெரிந்த கேலி அவ்வளவுதான்.

எமர்ஜென்சி சமயத்தில் அவருக்கு நோய் வந்தது. முதலில் தூக்கம் போனது. பிறகு, தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி தட்டும் சத்தத்தில் யாரோ தன் பெயரைச் சொல்லித் திட்டுகிறார்கள் என்றார். எதிர்வீட்டுக்காரர் ஜரிகைக்குள் ஏதோ வைத்து அனுப்பியிருக்கிறார் என்றார். நெய்த சேலையை முழம் முழமாக வெட்டிப் போட்டார். "தொடாத, அதுல இன்னாவோ கீது" என்று என் கையைத் தட்டிவிட்டார். என்னையும் சந்தேகப்பட்டார். நான் கொடுத்த தண்ணீரை, முதலில் என்னைக் குடிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார்.

இங்கே தொழில் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒரு பாவு, அதாவது சில சேலைகளுக்கான பட்டும் ஜரிகையும், முதலாளி நிறுத்துக் கொடுப்பார். நெய்த சேலையைத் திரும்ப நிறுத்து வாங்குவார். அறுந்த நூல், வெட்டிய துண்டு எல்லாவற்றுக்கும் கழிவு என்று பெயர். அதை ஒரு துணிப்பையில் சேர்த்துவைத்து, சேலையோடு கொண்டுபோய்க் காட்ட வேண்டும். கழிவு இருந்தால் நெசவாளி கெட்டிக்காரன் இல்லை என்பார்கள், அவ்வளவுதான். எடை குறைந்து, கழிவும் இல்லையென்றால் திருட்டு.

அண்ணன் வெட்டிப்போட்ட துண்டுகளை அம்மா முதலாளியிடம் காட்டவில்லை. கத்தரிக்கோலால் கொத்திய சேலையைப் பார்த்தால் எந்த நெசவாளிக்கும் விஷயம் விளங்கிவிடும். "புத்தி சரியில்லாதவன்தான் இப்படி வெட்டுவான்னு சொல்வாங்க, உன்ன எவன் கட்டுவான்?" என்று என்னிடம் சொன்னார். விடியற்காலையில் அந்தத் துண்டுகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டுபோய் கமண்டல நாகநதியில் போட்டோம். போட்டோம் என்றுதான் எழுதுகிறேன். மூட்டையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு போனவள் நான்.

பூசாரிகளிடம் போனோம். ஒரு கோயிலில் ஒரு மண்டலம் தங்கினோம். அண்ணன் எலும்பும் தோலுமாக ஆனதுதான் மிச்சம். அப்போது பக்கத்துத் தெருவில் இருந்த டீச்சர், "வேலூர்ல இதுக்குன்னே டாக்டருங்க இருக்காங்க. நான் கூட வரேன்" என்று அம்மாவிடம் சொன்னார். அவர் கிறிஸ்தவர். அதனால் பெரியப்பாவுக்குச் சந்தேகம். "இந்தம்மா ஜெபத்துக்குத்தான் கூட்டிகினு போவுது, பாத்துக்க" என்றார். டீச்சர் எங்களை பஸ் ஏற்றி, ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கிக் கொடுத்து, வெயிலில் மத்தியானம்வரை கூடவே நின்றார். ஜெபம் என்று ஒரு வார்த்தை பேசவில்லை. பேசுவாரா என்று நானும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

டாக்டரம்மா அண்ணனிடம் வெகுநேரம் பேசினார். பிறகு அம்மாவைக் கூப்பிட்டு, இது மூளையில் வரும் நோய், மாத்திரையை விடாமல் சாப்பிட வேண்டும், மாதம் ஒருமுறை வர வேண்டும் என்றார்.

அம்மா கேட்டது ஒரே கேள்வி. "யாருக்கும் தெரியாம கொணமாவுமாம்மா?"

"தெரிஞ்சாலும் கொணமாவும்மா" என்றார் டாக்டரம்மா.

அந்தப் பதிலை அம்மா வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. மாத்திரையை மட்டும் கொண்டுவந்தார்.

மூன்று மாதத்தில் அண்ணன் திரும்பவும் குழியில் இறங்கினார். மாத்திரையால் கை கொஞ்சம் நடுங்கும், வாய் உலர்ந்துபோகும். ஆனால் அதே பாவில் மீதிச் சேலையை ஒழுங்காக நெய்து முடித்தார். தெருவில் மட்டும் கேள்வி நிற்கவில்லை. "இன்னாபா, மாசா மாசம் வேலூருக்குப் போய்கினு கீற? பொண்ணு கிண்ணு பாத்து வெச்சிகினியா?" என்று கேட்பார்கள். பெரியப்பா சொல்லிக்கொடுத்தபடி ஒருநாள் பல்வலி என்போம், ஒருநாள் சொந்தக்காரர் வீட்டு விசேஷம் என்போம். நேற்றுச் சொன்ன பொய் இன்று எங்களுக்கே நினைவில்லை. கேட்டவர்கள் மறக்கவில்லை.

பாவு முடிந்து சேலைகளை எடுத்துக்கொண்டு முதலாளி வீட்டுக்குப் போனோம். அண்ணன், அம்மா, பெரியப்பா, நான். தராசில் வைத்தார்கள். எடை பெரிதாகக் குறைந்தது.

"கழிவு எங்கய்யா?" என்றார் கணக்குப்பிள்ளை.

அண்ணன் அம்மாவைப் பார்த்தார். அம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

"கழிவு இல்லியா? சரி, வேலூர்ல இன்னா வேலை உனக்கு? எவன்கிட்ட வித்த?"

"இல்லீங்க, நான் வேலூருக்குப் போறது…" என்று அண்ணன் ஆரம்பித்தார். பெரியப்பா அவர் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டு முந்தினார். "பையன் கை நீட்டிட்டான்ங்க. தகப்பன் இல்லாத புள்ள, சேர்க்கை சரியில்ல. இந்த ஒரு தபா மன்னிச்சுடுங்க."

அண்ணன் வாயை மூடிக்கொண்டார். ஆஸ்பத்திரிச் சீட்டு அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. நான் எடுத்துக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. அடுத்த வாரம் எனக்கு நிச்சயதார்த்தம்.

திரும்பி நடந்து வரும்போது நான் அழுதேன். அண்ணன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "வுடு. உனக்குக் கல்யாணம் ஆவட்டும். திருடன்னா, ஒருநாள் திருந்துவான்னு நெனப்பாங்க. பைத்தியம்னா அதக்கூட நெனைக்க மாட்டாங்க."

அதற்குப் பிறகு ஆரணியில் எந்த முதலாளியும் அவருக்குப் பாவு கொடுக்கவில்லை. கல்யாணம் முடியும்வரை வேலூர்ப் பக்கமே போகக் கூடாது என்று பெரியப்பா உத்தரவு போட்டார். மாத்திரை தீர்ந்தது. நோய் திரும்ப வந்தது. என் கல்யாணத்தன்று அண்ணனைக் களம்பூரில் ஒரு வீட்டில் உள்ளே வைத்துப் பூட்டியிருந்தார்கள். மண்டபத்தில் கேட்டவர்களுக்கு, அவமானத்தில் ஊரை விட்டுப் போய்விட்டான் என்று பதில். ஓமத்தில் பெண்ணின் கையில் பொரி அள்ளிப் போட வேண்டியவர் கூடப்பிறந்தவர். பெரியப்பா மகன் போட்டான். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்தப் பொரியை நான் நெருப்பில் போட்டபோது என்ன நினைத்தேன் என்பதை இங்கே எழுத முடியாது.

மூன்றாம் நாள் அம்மா யாரையும் கேட்காமல் களம்பூருக்குப் போய்க் கதவைத் திறக்கச் சொல்லி, அண்ணனைக் கையைப் பிடித்து வேலூர் பஸ்ஸில் ஏற்றினார். தான் செய்த தப்பில் பாதியை அம்மா அப்படிச் சரிசெய்தார். மீதிப் பாதியைப் பேசாமலே கண்ணை மூடினார்.

இவ்வளவு செய்தும் எனக்கு என்ன கிடைத்தது என்று கேட்கிறீர்களா? திருட்டுப் பட்டம் என் புகுந்த வீட்டுக்கு எனக்கு முன்பே போய்விட்டது. "பீரோ சாவிய இவ கண்ணுல காட்டாதீங்க" என்று மாமியார் என் காதில் விழும்படி சொல்வார். எட்டு வருஷம் கேட்டேன். ஒருநாள் தாங்காமல் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "ஒடம்பு சரியில்லாதவர ஊரு இப்படிப் பேச வுட்டீங்களே" என்றார் அவர். என்னைச் சொல்கிறாரா, நம் எல்லோரையும் சொல்கிறாரா என்று நான் கேட்கவில்லை.

நோய் மறுபடி அடங்கியதும் அண்ணன் களம்பூரிலேயே ஒரு அரிசி ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். களத்தில் நெல் காயவைக்கும் வேலை. அங்கே முதல் வாரமே தன் நோயைச் சொல்லிவிட்டார். நம்மில் யாரும் அருகில் இல்லாததால் சொல்ல முடிந்தது என்று நினைக்கிறேன். நான் பார்க்கப் போனபோது, கூட வேலை செய்தவர் சோற்று நேரத்தில் சத்தம் போட்டுக் கேட்டார். "இன்னா நைனா, மாத்திர துன்னியா? துன்னாம மூட்டையத் தூக்கி என் தலமேல போட்றாத." களம் முழுக்கச் சிரித்தது. அண்ணனும் சிரித்தார். எனக்குத்தான் பயத்தில் வியர்த்துப்போனது. "பட்டு வேலைக்கு இது தேவல" என்றார் அண்ணன். "நெல்லு காயற சத்தத்துல யாரும் பேசறதில்ல."

பதினோரு வருஷம் மாத்திரையை விடாமல் சாப்பிட்டார், விடாமல் உழைத்தார். கல்யாணம் வேண்டாம் என்றுவிட்டார். என் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவு அவருடையது. போன வருஷம் ஆலையிலேயே நெஞ்சு வலி வந்தது. தூக்கிக்கொண்டு போனவர்கள் அவர் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று டாக்டரிடம் ஒன்றுவிடாமல் சொன்னார்கள். நம் உறவு போயிருந்தால் மறைத்திருக்கும். மூன்று நாள் இருந்தார். வலியோடும் தெளிவாகப் பேசினார். யாரையும் குறை சொல்லவில்லை. அதனால்தான் நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

பெரியப்பா இன்றைக்குப் பந்தியில் முதல் வரிசையில் இருப்பார். அவர் காலத்தில் எல்லா வீட்டிலும் இதுதான் செய்தார்கள், எனக்கு நல்லது என்று நினைத்தே செய்தார், தெரியும். தெரிந்தும் மனது ஆறவில்லை. இதைப் படிக்கும்போது சிலர் பக்கத்து இலைக்காரர் முகத்தைப் பார்ப்பீர்கள். இவள் வீட்டிலும் அந்த நோய் வருமோ, இவள் பெண்ணை எடுக்கலாமா என்று கணக்குப் போடுவீர்கள். போடுங்கள். உங்களில் எத்தனை வீட்டில் அரிசிப் பானைக்குள் மாத்திரை இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். வெளியே சொல்ல மாட்டேன். நிறுத்தாதீர்கள் என்று மட்டும் சொல்வேன்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். வெயிலில் நின்ற டீச்சருக்கு நன்றி. வேலூர் டாக்டரம்மாவுக்கு நன்றி. களம்பூர் ஆலைக் களத்தில் அண்ணனோடு வேலை செய்த அத்தனை பேருக்கும் நன்றி. பாடையின் முன்பக்கம் தூக்கியவர்கள் அவர்கள்தான். முதலாளி வீட்டுக்கும் ஒரு மலர் அனுப்பியிருக்கிறேன். மகன்தான் இப்போது கடையைப் பார்க்கிறார். படித்தாரா என்று போய்க் கேட்பேன்.

கடைசியாக ஒருத்திக்கு. அண்ணன் காரியத்துக்கு வந்தவள் நம் உறவுதான். ஒரு மாதம் கழித்துப் பின்வாசல் வழியாக வந்தாள். தூக்கமில்லை, யாரோ பேசுகிற மாதிரி இருக்கிறது என்றாள். வேலூருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இப்போது மாதா மாதம் போகிறோம். என்னை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவாள் என்பதைக்கூட எழுத மாட்டேன், நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள். நன்றி சொல்லும் இடத்தில் பெயரைப் போடட்டுமா என்று போன வாரம் கேட்டேன்.

"இந்த வருஷம் வாணாங்க" என்றாள்.

அதனால் இந்த வருஷம் போடவில்லை.